மாதச் சம்பளமும் வரைபடக் கூலியும்: வரியை எந்த வழியில் கட்டுவது?

காரைக்குடியில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் எனக்கு சிவில் இன்ஜினியர் வேலை. சனி, ஞாயிறுகளில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பழைய வீடுகளை அளந்து வரைபடம் போட்டுக் கொடுப்பேன். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு வீட்டை முடிக்கவே மூன்று வாரம் இழுக்கும். அப்படி ஒரு வீட்டில் டேப்பும் கையுமாக நின்றபோது அந்த வீட்டு ஆச்சி கேட்டார்: "தம்பி, ஆபீஸ் சம்பளத்தையும் இந்தப் பணத்தையும் ஒரே ஏட்டுலயா எழுதுறீக?"

நான் எந்த ஏட்டிலும் எழுதியிருக்கவில்லை. பர்மாவில் கடை நடத்தி, ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கைப் போட்டு ஊருக்கு அனுப்பிய குடும்பம் அது. அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? சிரித்து மழுப்பிவிட்டேன். அந்த வருடம் வரியோடு வட்டியும் சேர்த்துக் கட்டினேன். அதன் பிறகுதான் உட்கார்ந்து ஒவ்வொரு வழியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் மாதம் 80,000, அதாவது வருடத்துக்கு 9,60,000. நிலையான கழிவு 75,000 போனால் 8,85,000. வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவு தரும் தள்ளுபடியில் வரி பூஜ்யம். அலுவலகத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டார்கள். ஏமாந்துபோகிற இடமே இதுதான். வெளிவேலைப் பணம் சேர்ந்து மொத்தம் 12 லட்சத்தைத் தாண்டிவிட்டால், கொஞ்சமாகத் தாண்டியவர்களுக்கு உள்ள சிறு சலுகை தவிர, அந்தத் தள்ளுபடி முழுக்கக் காணாமல் போகும். 4 லட்சத்துக்கு மேலுள்ள எல்லாவற்றுக்கும் வரி எழுந்து நிற்கும்.

வரைபட வேலையில் வந்தது 9 லட்சம் என்போம். இதை மூன்று விதமாகக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'இதர வருமானம்' என்ற தலைப்பில் மொத்தத்தையும் போட்டுவிடுவது ஒன்று. வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்குச் சம்பளக்காரர்கள் பயன்படுத்தும் ஐடிஆர்-1 படிவத்திலேயே வேலை முடிந்துவிடும் என்பது இதில் உள்ள ஆசை. மொத்த வருமானம் 17,85,000, செஸ் சேர்த்து வரி 1,63,280. தொழில் வருமானத்துக்கு இது சரியான இடமே அல்ல. தப்பும் செய்து, அதற்குக் கூடுதலாகக் காசும் கொடுக்கிற வழி இது ஒன்றுதான்.

இரண்டாவது, முறைப்படி கணக்கு எழுதி, செலவைக் கழித்து, ஐடிஆர்-3 போடுவது. எனக்கு வரைபட மென்பொருள் சந்தா, பெட்ரோல், டேப் பிடிக்க வரும் பையனின் கூலி, பிரிண்ட், மடிக்கணினியின் தேய்மானம் எல்லாம் சேர்ந்து 2,10,000 என்றால் லாபம் 6,90,000. வரி 1,20,900.

மூன்றாவது, அதே சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு. இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், டாக்டர், வக்கீல், கணக்காளர், உள் அலங்காரம் செய்பவர் போன்ற குறிப்பிட்ட தொழில்காரர்களுக்கான அனுமான வரி முறை. வரவில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் கேட்க மாட்டார்கள். வருட வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை போகலாம். என் கணக்கில் 4,50,000 சேர்ந்து மொத்தம் 13,35,000, வரி 83,460. ஐடிஆர்-4 போதும், பங்கு விற்றுக் குறுகிய கால லாபம் பார்த்தவர்கள் போன்ற சிலர் ஐடிஆர்-3க்குப் போக வேண்டும்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம் 37,440 ரூபாய். என்னைப் போல மூளையையும் மடிக்கணினியையும் வைத்துச் சம்பாதிக்கிறவர்களுக்கு 44ஏடிஏதான், இதில் யோசிக்க எதுவும் இல்லை.

என் மச்சான் கதை வேறு. அவருக்கு உள் அலங்கார வேலை. ஆத்தங்குடிக் கல், பழைய தேக்குத் தூண் எல்லாவற்றையும் தானே வாங்கிப் போட்டு மொத்தமாக பில் போடுவார். வரவில் 65 சதவீதம் செலவாகவே போய்விடும். கையில் நிற்பது 35, ஆனால் 44ஏடிஏவில் 50க்கு வரி. உள்ளபடி 35தான் என்று காட்டலாம். ஆனால் மொத்த வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்கும் எழுதி ஆடிட்டும் செய்ய வேண்டும். சின்ன வரவுக்கு ஆடிட்டர் ஃபீஸ் கட்டுப்படியாகாது. "மச்சான், கல்லுக்கான பணத்தை வீட்டுக்காரரே ஆத்தங்குடியில நேரா குடுத்துரட்டும், நீங்க உங்க ஃபீஸுக்கு மட்டும் பில் போடுங்க" என்றேன். கல் பணம் அவர் கைக்கே வராவிட்டால் அது அவர் வரவும் இல்லை. கமிஷன் போய்விடும் என்று முனகினார். அது உண்மைதான்.

சரி, வரியை யார் மூலம் கட்டுவது? பழைய பங்களாவை விடுதியாக்கும் நிறுவனங்கள் எனக்குத் தரும் 3 லட்சத்தில் 194ஜே பிரிவின்படி முன்கூட்டியே வரியாக 10 சதவீதம், அதாவது 30,000 பிடித்துக்கொள்கின்றன. சொந்த வீட்டுக்கு வரைபடம் கேட்கிறவர்கள் இப்படிப் பிடிக்கத் தேவையில்லை. ஆக மீதி 53,460 என் பொறுப்பு.

இதை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துச் சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்லலாம், சட்டத்தில் அதற்கு இடமுண்டு. ஏப்ரலிலேயே சொன்னால் மாதம் 4,455 போகும்; வலி தெரியாது. கையில் காசு நிற்காதவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் எவ்வளவு வரும் என்று வருட ஆரம்பத்திலேயே ஊகிக்க வேண்டும். அலுவலகத்துக்கும் விஷயம் தெரிந்துவிடும். வெளிவேலை கூடாது என்ற நிபந்தனை பணி நியமனக் கடிதத்தில் இருக்கிறதா என்று முதலில் படித்துவிடுங்கள். வருமான வரித் துறைக்கு அது ஒரு பொருட்டில்லை, உங்கள் மேலாளருக்கு அப்படி இருக்காது.

நானே கட்டுகிறேன் என்றால் அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது நிதியாண்டு முடியும் முன்பே கட்டும் வரி. கணக்கு எழுதுகிறவர்கள் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். 44ஏடிஏக்காரர்களுக்கு மார்ச் 15க்குள் ஒரே தவணை. அதனால் அலுவலகத்தில் சொல்வதால் கிடைக்கும் வசதி எனக்குப் பெரிதாகப் படவில்லை. தவறவிட்டு ஜூலையில் கட்டினால் தாமதத்துக்கான 234பி, 234சி என்ற இரண்டு பிரிவுகளும் சேர்ந்து சுமார் 2,670 ரூபாய் வட்டி. கொள்ளை போகிற தொகை இல்லைதான். ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு வட்டி வாங்காவிட்டாலும் பரவாயில்லை, தண்டமாக வட்டி கட்டுவது மனதுக்கு ஒப்பவில்லை.

காட்டாமலே விட்டுவிடுவது பற்றியும் கேட்கிறார்கள். 30,000 பிடித்த நிறுவனம் அதை நம் பான் எண்ணில் ஏற்றியிருக்கும். வரித் துறை நம்மைப் பற்றித் திரட்டி வைக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்ஸைத் திறந்தால் நமக்கு முன்பே அது அங்கே உட்கார்ந்திருக்கும்.

பழைய வரி முறையா, புதியதா என்பதில் ஒரே எச்சரிக்கை. சம்பளம் மட்டும் இருப்பவர்கள் வருடா வருடம் மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் சேர்ந்துவிட்டால் 10-ஐஇஏ படிவம் கொடுத்துப் பழையதற்குப் போய், ஒரு முறைதான் திரும்பி வரலாம். ஜிஎஸ்டி பதிவு, சேவை வேலையில் வருட வரவு 20 லட்சம் தாண்டினால்தான். சம்பளம் அதில் சேராது.

இப்போது வெளிவேலைப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கிறேன். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் மாசி–பங்குனித் திருவிழாவை ஒட்டித்தான் மார்ச் 15 வரும். ஊர் பால்குடத்துக்குத் தயாராகிற நேரத்தில் நான் வருமான வரித் தளத்தைத் திறந்து அட்வான்ஸ் டாக்ஸுக்கான 100 என்ற வகையைத் தேர்ந்தெடுப்பேன். 2025-26 வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்பதை மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொள்வேன், ஒரு தடவை அதையும் மாற்றிப் போட்டவன் நான்.