எந்தப் போல்டர் மாறியது? கிட்ஹப், கிட்லாப், ஜென்கின்ஸ்: ஓர் ஒப்பீட்டு அலசல்

மட்டக்களப்புக் கல்லடியில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு மென்பொருள் குழுவை வைத்துக்கொள்வோம். அம்பாறைப் பக்கத்து நெல் ஆலைகளுக்கு பில் போடும் மென்பொருள் அவர்களுடையது. ஒரே ரெப்போவுக்குள் (கோட் முழுதும் இருக்கும் களஞ்சியம்) வெப், மொபைல், ஏபிஐ, இந்த மூன்றுக்கும் பொதுவான காமன் என நாலு போல்டர். மொபைலில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றினாலும் எல்லாவற்றுக்கும் பில்ட், அதாவது கோடைக் கட்டிச் சோதிக்கும் வேலை, ஓடுகிறது. அந்த வேலையைத் தானாக ஓட்டித் தரும் கருவிகள்தான் கிட்ஹப், கிட்லாப், ஜென்கின்ஸ். பிரைவேட் ரெப்போவுக்கு கிட்ஹப் இலவசமாகத் தருவது மாதம் 2000 நிமிடம், கிட்லாப் 400. இப்படி ஓடவிட்டால் மாதம் முடியுமுன் நிமிடம் முடிந்துவிடும். ஆகவே மாறிய போல்டருக்கு மட்டும் பைப்லைன் (ஜாப் எனப்படும் சிறு வேலைகளின் தொடர்) ஓட வேண்டும்.

எழுதும் முறையில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடில்லை. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ‘பாத்ஸ்’, கிட்லாபில் ‘ரூல்ஸ்’ என்பதன் கீழ் ‘சேஞ்சஸ்’, ஜென்கின்ஸில் ‘வென்’ என்பதற்குள் ‘சேஞ்ச்செட்’. பத்து நிமிடத்தில் பழகிவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: மாறியது என்றால் எதோடு ஒப்பிட்டு?

புதிதாக ஒரு பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) திறந்து பாருங்கள். கிட்லாப் அதை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் எல்லாமே மாறியதாக எடுத்துக்கொண்டு அத்தனை ஜாப்பையும் ஓட்டும். ஜென்கின்ஸ் நேர் எதிர்: முந்தைய பில்ட் இல்லை, ஆகவே மாற்றப் பட்டியல் வெறுமை, ஒன்றும் ஓடாது. என்னைக் கேட்டால் கிட்லாபின் பிழைதான் பரவாயில்லை. வீணாவது நிமிடம் மட்டும். ஜென்கின்ஸில் டெஸ்ட் ஓடாமலே பச்சை விளக்கு எரியும். கிட்லாபில் 15.3 பதிப்பிலிருந்து ‘கம்பேர் டூ’ இருக்கிறது. மெயின் பிராஞ்சோடு ஒப்பிடு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

இன்னொன்று இதைவிட மோசம். முதல் புஷ்ஷில் (மாற்றங்களை ரெப்போவுக்கு அனுப்புவது) ஏபிஐ டெஸ்ட் உடைகிறது. இரண்டாவது புஷ்ஷில் ரீட்மீ கோப்பு மட்டும் மாறுகிறது. முந்தைய புஷ்ஷோடு ஒப்பிட்டால் ஏபிஐ மாறவில்லை; அந்த டெஸ்ட் ஓடாது, பைப்லைன் பச்சை. கிட்லாபின் பிராஞ்ச் பைப்லைனும் ஜென்கின்ஸும் இப்படித்தான் ஏமாற்றும். கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்டுக்கு (பிராஞ்சை மெயினோடு சேர்க்க, அதாவது மெர்ஜ் செய்யக் கேட்கும் கோரிக்கை) ஓடவிட்டால், அந்த பிராஞ்ச் பிரிந்த இடத்திலிருந்து முழு மாற்றத்தையும் பார்க்கும். கிட்லாபிலும் அதற்கு இணையான மெர்ஜ் ரிக்வெஸ்ட் பைப்லைனுக்கு மாறினால் சரி.

அப்படியானால் கிட்ஹப்தான் நல்லது என்று முடித்துவிடலாமா? அதற்கும் ஒரு முள் இருக்கிறது. மெர்ஜ் செய்ய இந்த டெஸ்ட் கட்டாயம் என்று விதி வைத்திருக்கிறீர்கள். பாத்ஸ் வடிகட்டியதால் அந்த வொர்க்ஃப்ளோவே (பைப்லைனுக்கு கிட்ஹப்பின் பெயர்) தொடங்கவில்லை. கிட்ஹப் அதைத் தேர்ந்ததாக எடுக்காமல் ‘பெண்டிங்’ என்று நிறுத்திவைக்கும். மெர்ஜ் பட்டன் திறக்கவே திறக்காது. வழி இதுதான்: பாத்ஸை எடுத்துவிட்டு வொர்க்ஃப்ளோவை எப்போதும் தொடங்க விடுங்கள். முதல் ஜாப் எந்தப் போல்டர் மாறியது என்று பார்க்கட்டும், மற்றவை ‘இஃப்’ நிபந்தனையோடு ஓடட்டும். அப்புறம் கடைசியில் ஒரு காவல் ஜாப். கட்டாயம் என்ற விதி அதற்கு மட்டும். அந்தக் காவல் ஜாப்பில் ‘ஆல்வேஸ்’ போட்டு, மற்ற ஜாப்களின் முடிவைப் பார்க்கும் வரியையும் எழுத வேண்டும். ‘ஆல்வேஸ்’ போடாவிட்டால் முன்னால் ஒன்று உடைந்ததும் காவல் ஜாப் ஸ்கிப் ஆகும். ஸ்கிப் ஆன ஜாப்பை கிட்ஹப் தேர்ந்ததாகவே கணக்கெடுக்கும்.

முதல் ஜாப்புக்கு ஆயத்த ஆக்‌ஷன்கள் கிடைக்கின்றன. ஆனால் 2025 மார்ச்சில் அவற்றில் பலர் பயன்படுத்திய ‘டிஜே-ஆக்‌ஷன்ஸ் சேஞ்ச்ட்-ஃபைல்ஸ்’ தாக்குபவர் கையில் சிக்கி, ரகசியச் சாவிகளை பில்ட் லாகில் கொட்டியது. அதனால் கமிட் ஹாஷோடு (ஒரு குறிப்பிட்ட மாற்றத்தின் தனி அடையாளம்) கட்டிவைத்துப் பயன்படுத்துங்கள், அல்லது நாலு வரியில் கிட் டிஃப் (மாறிய கோப்புகளைக் காட்டும் கட்டளை) எழுதுங்கள். எழுதினால் கோடை இறக்கும் படியான செக்அவுட்டின் ‘ஃபெட்ச் டெப்த்’ பூச்சியமாக இருக்கட்டும். வழக்கமாக அது ஒரேயொரு கமிட்டைத்தான் இறக்கும், ஒப்பிட எதுவும் இருக்காது.

ஜென்கின்ஸுக்கு நிமிடக் கணக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் அலுவலகக் கணினியில் அதை வைத்தால், மார்கழி மழையில் கரண்ட் போகும் நாளில் பைப்லைனும் போகும். பார்த்துக்கொள்ள ஓர் ஆள் ஒதுக்க முடியாத குழுவுக்கு நான் சொல்லமாட்டேன்.

காமன் போல்டர் மாறினால் வெப், மொபைல், ஏபிஐ மூன்றும் ஓட வேண்டும். மூன்று கருவியிலும் இதைக் கையால்தான் ஒவ்வொரு ஜாப்பிலும் எழுத வேண்டும். புதுப் போல்டர் சேர்க்கும் நாளில் எழுத மறப்பார்கள். எதை எது நம்பியிருக்கிறது என்று தானே கண்டுபிடிக்க என்எக்ஸ், டர்போரெப்போ, பேஸல் போன்றவை உண்டு. நாலு போல்டருக்கு பேஸல் வேண்டாம், அதைக் கட்டவே ஒரு ஆள் வேண்டும். எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் என்றால் மட்டும் என்எக்ஸைப் பாருங்கள்.

கல்லடிக் குழுவுக்கு என் தெரிவு காவல் ஜாப்போடு கிட்ஹப். கோட் ஏற்கெனவே கிட்லாபில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும், இதற்காக மாற வேண்டியதில்லை. எங்கே இருந்தாலும் இரவில் ஒரு தடவை எல்லாவற்றையும் முழுதாக ஓட்டுங்கள். கிட்லாபில் நேரம் குறித்து ஓடும் பைப்லைனுக்கு ‘கம்பேர் டூ’ போடாத சேஞ்சஸ் விதி எப்போதும் உண்மையாகும், அங்கே தனியாக ஒன்றும் எழுத வேண்டாம். கிட்ஹப்பில் நீங்கள் எழுதிய டிஃப் ஜாப்பில் அதற்கென ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். நேரம் வழக்கமாக யூடிசியில் (உலகப் பொது நேரம்) என்பதால், நமது இலங்கை நேரம் இரவு 1.30க்கு 20:00 என்று குறியுங்கள்.