ஃபேர்னஸ் மோட்டர் கத்தினால்: அதே வகையா, ஈசிஎம்மா, புது ஃபேர்னஸா?

போன ஜனவரியில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் கத்தத் தொடங்கியது. முதலில் கிறீச்சென்று ஒரு இழுப்பு, அரை நிமிடத்தில் அது உறுமலாக மாறும். மேல்மாடியில் படுத்திருந்தாலும் கேட்கும். பார்க்க வந்த இரண்டு திருத்துநர்களும் சேர்த்து மூன்று வழி சொன்னார்கள். இருக்கிற அதே பிஎஸ்சி, அதாவது எளிமையான பழைய வகை மோட்டரை மாற்ற ஏறத்தாழ 600 டொலர். அந்த இடத்தில் ஈசிஎம், அதாவது மின்னணுப் பலகையால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மோட்டர் பூட்ட 1,100. 2009இல் பூட்டிய ஃபேர்னஸையே கழற்றிவிட்டுப் புதிது வைக்க 5,000க்கு மேல். நான் முதலாவதைச் செய்தேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் விலை கேட்க முதல், சத்தம் உண்மையிலேயே புளோவருடையதா, அதாவது சூடான காற்றை வீட்டுக்குள் தள்ளும் பெரிய விசிறியுடையதா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட்டில் விசிறியை 'ஆட்டோ'வில் இருந்து 'ஆன்'க்கு மாற்றி, வெப்பத்தை நிறுத்திவிட்டால் புளோவர் மட்டும் ஓடும். அப்போதும் கத்தினால் புளோவர்தான். கத்தவில்லையென்றால், அடுப்பு பற்றுவதற்கு முன்பே சுழலத் தொடங்கி புகையை வெளியே தள்ளும் சின்ன விசிறி, அதாவது இன்டியூசர், மேல் சந்தேகப்படுங்கள். அது வேறு மோட்டர், வேறு விலை. இதைப் பார்க்காமல் புளோவர் மோட்டரை மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு இருக்கிறவர்களும் உண்டு.

புளோவர்தான் என்றால் ஃபேர்னஸ் பக்கத்துச் சுவிட்சை நிறுத்தி, கதவைக் கழற்றிக் கையால் சுற்றிப் பாருங்கள். மோட்டர் சுற்றும் விசிறிச் சில்லு ஒரு பக்கம் தகரத்தில் உரசினால் திருகு தளர்ந்து அது அச்சில் நகர்ந்திருக்கும், இறுக்கினால் முடிந்தது. சத்தம் தடதடவென்று தாளத்தோடு வந்தால் இதழ்களில் தூசி அப்பிச் சமநிலை போயிருக்கும். தூரிகையும் வக்யூமும் போதும், ஆனால் இதழில் செருகியிருக்கும் சின்ன உலோகக் கிளிப்பை அழுக்கென்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். சமநிலைக்காக வைத்த எடை அது. மோட்டர் முனகிக்கொண்டு சுழல மறுத்தால் பெரும்பாலும் அதைச் சுழலத் தொடங்க வைக்கும் சின்னப் பாகமான கப்பாசிற்றர், அதன் விலை மோட்டரோடு ஒப்பிட்டால் சில்லறை. எங்களுடையதில் அச்சைப் பிடித்து ஆட்டினால் ஆடியது. பேரிங் தேய்ந்துவிட்டது, மோட்டர் மாற்றத்தான் வேண்டும்.

புது ஃபேர்னஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எரியும் புகையைத் தனியாக வைத்து வீட்டுக் காற்றைச் சூடாக்கும் வெப்பமாற்றியில் வெடிப்பு விழுந்திருந்தால் வாதத்துக்கே இடமில்லை, வீட்டுக்குள் கசியக்கூடிய காபன் மொனொக்சைட் நச்சுவாயுவோடு விளையாட முடியாது. எங்களுடையதைச் சோதித்தார்கள், நல்லாக இருந்தது. ஒரு மோட்டருக்காக மற்ற எல்லாவற்றையும் எறிய எனக்கு மனம் வரவில்லை.

ஆக உண்மையான போட்டி இரண்டு மோட்டர்களுக்கு இடையில். ஈசிஎம்மின் நியாயம் மின்சாரம். பிஎஸ்சி மோட்டர் ஓடும்போது 400, 500 வாட் இழுக்கும், வேகத்தைக் குறைத்தாலும் அவ்வளவாகக் குறையாது. ஈசிஎம் மெதுவான ஓட்டத்தில் 100 வாட்டுக்குள்ளேயே நிற்கக்கூடியது, தொடங்குவதும் பதமாகத் தொடங்கும். வீட்டில் ஆஸ்துமா, காற்று வடிகட்ட விசிறியை இரவுபகலாக ஓட விடுகிறீர்கள் என்றால் ஈசிஎம்மையே வாங்குங்கள். நாங்கள் எப்போதும் ஆட்டோவில் விடுகிறவர்கள். அந்த மேலதிக 500 டொலரை மின்கட்டணத்தில் மீட்க எத்தனை குளிர்காலம் போக வேண்டும் என்று கணக்குப் போட்டேன், பாதியில் பேனையை வைத்துவிட்டேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று: மைனஸ் இருபதில் அது உடைந்தால் என்ன நடக்கும் என்ற கேள்வி. பிஎஸ்சி மோட்டர் வாங்க லேபலில் நாலைந்து விசயம் பார்த்தால் போதும். 115 வோல்ட், அரைக் குதிரைவலு, 1075 ஆர்பிஎம், சுழலும் திசை, அச்சின் தடிப்பு. எந்தக் கம்பனி ஃபேர்னஸ் என்பதுகூடப் பெரிதல்ல. உதிரிப்பாகக் கடையின் தட்டில் இருக்கும், சில திருத்துநர்களின் வான் வண்டியிலேயே இருக்கும். எங்களுக்கு வந்தவர் காலையில் பார்த்தார், மத்தியானம் பூட்டினார். மோட்டரை மாற்றியதைவிடத் துருப்பிடித்த திருகோடு அச்சிலிருந்து சில்லைக் கழற்றத்தான் கூட நேரம் போனது.

ஈசிஎம் அப்படியல்ல. மோட்டரோடு ஒரு கட்டுப்பாட்டுப் பலகை ஒட்டியிருக்கும். ஃபேர்னஸோடு வருவதில் பலவற்றுக்கு, அந்த மொடலுக்கென்றே புரோகிராம் செய்ததைத்தான் எடுப்பிக்க வேண்டும். பொதுவாகப் பொருந்துகிற மாற்று ஈசிஎம்களும் உண்டு. ஆனால் எல்லா ஃபேர்னஸிலும், எல்லாத் திருத்துநரிடமும் அந்த வழி சரிவராது. டொரொன்டோவுக்குக் கிழக்கே அஜாக்ஸில் இருக்கும் மச்சானுக்கு இதே பலகை போனது. "நாலு நாள் ரெண்டு ஹீற்றரோட ஒரே அறைக்குள்ள கிடந்தம்டா" என்றார். 2019 ஜூலைக்குப் பிறகு செய்த ஃபேர்னஸ்களில் பெரும்பாலும் ஈசிஎம்தான் வருகிறது என்பதால், புதிது வாங்கினாலும் இந்தத் தலையிடி கூடவே வரும்.

இன்னொன்று. காற்றளவை மாறாமல் காக்கும் வகை ஈசிஎம், பில்டர் அடைத்தால் அதை ஈடுகட்ட இன்னும் வேகமாகச் சுழலும். எங்களைப்போல் ஒடுங்கிய குழாய்களும், மாற்ற மறக்கிற பில்டரும் உள்ள வீட்டில், அமைதிக்கென்று வாங்கியதே இரைச்சலாகலாம். பிஎஸ்சியில் காற்றுத்தான் குறையும். அதுவும் நல்லதல்ல, அறை சூடாகாது. ஆனால் இரைச்சல் அவ்வளவாகக் கூடாது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என் மோட்டர் ஓடியது ஒரு குளிர்காலம்தான். பத்து வருசம் தாங்கும் என்று இப்போது நான் சொன்னால் அது வெறும் ஊகம். ஈசிஎம்மோடு நான் வாழ்ந்ததும் இல்லை, மச்சான் வீட்டில் கேட்டதுதான். வேலை செய்கிற நாட்களில் அது என்னுடையதைவிட அமைதி.

கப்பாசிற்றரை மோட்டரோடு சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், புது மோட்டரின் லேபலில் போட்டிருக்கும் அதே மைக்ரோஃபரட் அளவில். பழையதையே விடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். எங்கள் வீட்டில் இப்போது கேட்பது, தகரக் குழாய் சூடேறும்போது வரும் 'டிக், டிக்' மட்டும்தான். அதற்கு மோட்டரைக் குறை சொல்ல ஏலாது.