தமொக்சிபெனா, லெட்ரோசோலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் பால்மரம் வெட்டிய என் அத்தைக்கு 68 வயது. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறார். மாதவிடாய் நின்றவர்களுக்கு, நோய் திரும்பாமல் தடுப்பதில் தமொக்சிபென் என்ற இன்னொரு மாத்திரையைவிட இது ஓரளவு மேல். ஆனால் எலும்பு மெலியும், மூட்டு பிடித்துக்கொள்ளும். காலையில் மைலோ டின் மூடியைத் திறக்க அத்தையின் விரல்கள் மடங்குவதில்லை. "மரம் வெட்டுன கைதானேம்மா" என்று டாக்டரிடம் சொல்லாமலே இருந்துவிட்டார். அது மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம்.

தமொக்சிபென் அந்த வயதில் எலும்பைக் காக்கும். ஆபத்து வேறு பக்கம்: ரத்தக்கட்டி, அரிதாகக் கருப்பைப் புற்று. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, நின்றுபோன உதிரப்போக்கு மறுபடி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டுமே ஹார்மோனால் வளரும் புற்றுக்கட்டிக்குத்தான், வழக்கமாக 5 ஆண்டுகளாவது. வலிக்கிறதென்று அத்தை தானாக நிறுத்திவிடுவாரோ என்பதே என் பயம். டாக்டரிடம் சொன்னால் மாத்திரையை மாற்ற வழியுண்டு. இப்போது எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்கு நாள் கேட்டிருக்கிறோம்.