டெர்பிஷைர் டிரெயில்களில் சைக்கிள்: எல்லாம் அருமை, அந்தச் சுண்ணாம்பு மட்டும்...

செயின், பின் பல்சக்கரம், பிரேக் கட்டைகள், எல்லாம் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியதாகிவிட்டது. பில் 110 பவுண்டு. தேய்மானம் பார்க்கிற சின்னத் தகட்டை மெக்கானிக் செயினில் வைத்ததும் அது தடங்கலே இல்லாமல் உள்ளே இறங்கியது. “போன வருஷம்தானே புதுசு போட்டோம்?” என்று இழுத்தேன். அவர் பதில் சொல்லாமல் மட்கார்டின் உட்பக்கத்தை நகத்தால் சுரண்டி, உதிர்ந்த வெள்ளைப் பொருக்கை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “டிரெயிலா?” என்றார். அவ்வளவுதான் விசாரணை.

அதே வாரம் லெஸ்டரில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணா, டெர்பிஷைர்ல கார் வராத சைக்கிள் பாதை இருக்குன்னு அடிக்கடி சொல்வீங்களே, பசங்களைக் கூட்டிட்டு வரலாமா? எங்க சைக்கிளையே ஏத்திட்டு வரட்டுமா?” இரண்டு கேள்விக்கும் என் பதில் வேறு வேறு. வாட்ஸாப்பில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். பில் இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது, அதற்கேற்றபடி படித்துக்கொள்ளுங்கள்.

பேச்சு இங்கிலாந்தின் டெர்பிஷைரில் இருக்கும் மூன்று பாதைகளைப் பற்றி. பேக்வெல் பக்கம் வை ஆற்றின் பள்ளத்தாக்கில் போகும் மான்சல் டிரெயில், எட்டரை மைல். பார்ஸ்லி ஹேயிலிருந்து ஆஷ்போர்னுக்கு இறங்கும் டிஸ்ஸிங்டன் டிரெயில், 13 மைல். டௌலோவிலிருந்து குரோம்ஃபர்ட் பக்கம் வரும் ஹை பீக் டிரெயில், 17 மைல். பின்னிரண்டும் பார்ஸ்லி ஹே அருகே ஒன்று சேரும். மூன்றுமே 1960களில் மூடப்பட்ட ரயில் பாதைகள். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டிருக்கிறார்கள். ரயில் எஞ்சினுக்கு ஏற்றம் ஆகாது. அதனால் குன்று வந்த இடத்தில் குடைந்தும் பள்ளம் வந்த இடத்தில் பாலம் கட்டியும் மட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மலை நிற்க, நீங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே மிதிக்கலாம். என் மனைவிக்கு மேடு என்றாலே ஆகாது. அவரே இங்கே எனக்கு முன்னால் போவார்.

இனி வயிற்றெரிச்சல். பாதையின் மேல் போட்டிருப்பது தார் இல்லை. சுண்ணாம்புக்கல்லை அரைத்த கிரஷர் தூளைக் கொட்டி உருட்டி இறுக்கியிருக்கிறார்கள். காய்ந்திருக்கும்போது இதற்கு இணை கிடையாது. டயருக்குக் கீழே சரசரவென்று ஒரு சத்தம், அதிர்வே இல்லை. மழை பெய்தால் கதை வேறு. இங்கே மழை எப்போது பெய்யும் என்று சொல்லவா வேண்டும்? தூளும் தண்ணீரும் சேர்ந்து தோசை மாவுப் பதத்துக்கு ஒரு சாம்பல் குழம்பு ஆகிவிடும். முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் மட்கார்டுக்குள் ஏதோ உரசும். கியர் மாற்றினால் ஒரு நொடி யோசித்துவிட்டு மாறும். தண்ணீர் பாட்டிலின் வாயில் ஒட்டிக்கொண்டு, குடித்தால் பல்லில் நறநறக்கும். செயினின் ஒவ்வொரு உருளைக்குள்ளும் போய் உட்கார்ந்து உள்ளேயிருந்து அரைக்கும்.

இதில் வேடிக்கை, செயினுக்கு அக்கறையாக எண்ணெய் போடுகிறவனுக்குத்தான் சேதம் அதிகம். எண்ணெய்ப் பசை தூளை விடாமல் பிடித்துக்கொள்கிறது. மெழுகு வகை பரவாயில்லை, ஆனால் ஒரே மழையில் கழுவிப் போய்விடும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எல்லாம் காய்ந்து காரை ஆகிவிடும். பிறகு குழாயைத் திறந்து அடித்தாலும் அசையாது, பழைய டூத் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு மாலை முழுக்க உட்கார வேண்டியதுதான். ஈரம் காய்வதற்குள் ஒரு வாளி வெறும் தண்ணீர் ஊற்றினால் முக்கால்வாசி போய்விடும். ஆனால் கார் பார்க்கில் வாளிக்கு எங்கே போவது? ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பி டிக்கியில் வைத்துக்கொண்டு திரிகிறேன். கோயிலுக்குப் போகிறவன் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் கிண்டல்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். தார் போட்டால் குதிரைகளுக்குக் குளம்பு வழுக்கும். தூள் போட்ட பாதை பள்ளத்தாக்கின் நிறத்தோடு ஒத்துப் போகிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் குழந்தை வண்டி தள்ளுகிறவர்களும் சிரமமில்லாமல் போகிறார்கள். இந்தத் தடங்களில், அதிலும் ஹை பீக்கில், வண்டி வண்டியாகப் போன சரக்கே சுண்ணாம்புக்கல்தான். அந்தக் கல் இப்போது பாதையாகக் கிடக்கிறது. கதைக்கு நன்றாக இருக்கிறது, செயினுக்குத்தான் இல்லை.

மான்சலைப் பற்றிக் குறை சொல்ல வாய் வராது. ஹெட்ஸ்டோன், கிரெஸ்புரூக், லிட்டன், சீ டோர் என்று பெரிய ரயில் சுரங்கப் பாதைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 400 மீட்டர் நீளம். 2011 வரை இவை பூட்டிக் கிடந்தன, வெளியே சுற்றி ஏறி இறங்கித்தான் போக வேண்டும். திறந்து விளக்குப் போட்ட பிறகுதான் இது சைக்கிள் பாதையே ஆனது. விளக்கு பகலில் மட்டும் எரியும் என்பதால் சாயங்காலம் இருட்டும்வரை இழுக்காதீர்கள். ஜூலையில் கூட உள்ளே நுழைந்ததும் முழங்கையில் குளிர் ஏறும், கூரையிலிருந்து கழுத்தில் ஒரு சொட்டு விழும். பிள்ளைகள் கட்டாயம் கத்துவார்கள், விட்டுவிடுங்கள், எல்லோரும் கத்துகிறார்கள். ஹெட்ஸ்டோன் சுரங்கம் முடிந்த கையோடு பாலம் வந்துவிடும். இருட்டிலிருந்து நேரே அந்தரத்துக்கு. கீழே வை ஆறு வளைந்து போகிறது.

1863இல் மிட்லண்ட் ரயில்வே இந்தத் தடத்தைப் போட்டபோது எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கொதித்துப் போனார். பக்ஸ்டனில் இருக்கிற முட்டாள் எல்லாம் அரை மணியில் பேக்வெல் போகவும், பேக்வெல் முட்டாள்கள் பக்ஸ்டன் போகவும் ஓர் அழகான பள்ளத்தாக்கை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள் என்று எழுதினார். இன்றைக்கு அதே பாலத்தைப் படம் பிடிக்கத்தான் கூட்டம் வருகிறது. ஆனால் பாலத்தின் மேல் நிற்கும்போது பாலம் தெரியாது. ஐந்து வளைவுகளையும் பார்க்க மான்சல் ஹெட் மேட்டுக்கு ஏற வேண்டும். செங்குத்தான ஒற்றையடிப் பாதை, சைக்கிளைப் பூட்டிவிட்டு நடங்கள். டிரெயிலில் இன்னும் தள்ளிப் போனால் லிட்டன் மில். லண்டன் அநாதை இல்லங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட பிள்ளைகளை நூற்பாலையில் வதைத்த கொடுமைக்குப் பேர் போன இடம். அவர்களில் ஒருவரான ராபர்ட் பிளின்கோ பட்டதெல்லாம் பின்னால் அச்சில் வந்தது. பாதையிலிருந்து பார்த்தால் ஆற்றங்கரையில் ஒரு சாந்தமான கல் கட்டடம், அவ்வளவுதான்.

‘பழமையான கிராமங்கள் வழியாக’ என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதை நம்பிக் கிளம்பாதீர்கள். ரயில் தனக்கு வசதியான மட்டத்தில் போனது, ஊர் எங்கே இருக்கிறது என்று கவலைப்படவில்லை. டிஸ்ஸிங்டன் டிரெயிலில் வரும் ஹார்டிங்டன் ஸ்டேஷன் மேட்டில் இருக்கிறது. பழைய சிக்னல் கேபினை அழகாக வைத்திருக்கிறார்கள். ஊரோ கீழே பள்ளத்தாக்கில், இரண்டு மைலுக்குக் கிட்ட. குளம், சீஸ் கடை, 17ஆம் நூற்றாண்டு மாளிகையில் நடக்கும் விடுதி எல்லாம் பார்க்கத் தக்கவை. ஆனால் போகிற வழி கார் ஓடும் சாலை, திரும்பும்போது முழு ஏற்றம். இறங்கும்போது சிரித்த என் மனைவி ஏறும்போது என்னோடு பேசவில்லை.

விதிவிலக்கு டிஸ்ஸிங்டன். ஸ்டேஷன் ஊரை ஒட்டியே இருக்கிறது. சாம்பல் நிறக் கல் வீடுகள், நடுவே மாளிகை, வாத்துக் குளம். முடிந்தால் ஈஸ்டருக்கு 40ஆம் நாள் வரும் விண்ணேற்ற வியாழனை ஒட்டி வாருங்கள். ஊரின் ஆறு கிணறுகளுக்கும் அலங்காரம் செய்திருப்பார்கள். பெரிய மரப்பலகைகளை முன்கூட்டியே நீரில் ஊறப்போட்டு, ஈரக் களிமண்ணைப் பூசி, வேதாகமக் காட்சி ஒன்றைக் கோடு கிழித்து, பூவிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்துகிறார்கள். முதலில் கரைக்கோட்டுக்கு விதையும் காயும், அப்புறம் இதழ், அதையும் கீழிருந்து மேலாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே போகாமல் வழிந்துவிடும். பக்கத்தில் குனிந்து பார்த்தால் துறவியின் தாடி பாசியாக இருக்கும். ஒரு வாரத்தில் வாடிவிடும், அதற்குத்தான் இத்தனை பேர் உட்கார்ந்து ஒட்டுகிறார்கள். 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோயில் இந்தக் கிணற்றுத் தண்ணீர் ஊரைக் காப்பாற்றியது என்று ஒரு கதை, 1615 வறட்சியிலும் வற்றவில்லை என்று இன்னொன்று. இந்த மழை நாட்டில் தண்ணீருக்கு நன்றி சொல்கிறார்களே என்று எனக்கு முதலில் ஆச்சரியமாகத்தான் இருந்தது. சுண்ணாம்புக்கல் மேட்டில் பெய்கிற மழையெல்லாம் பாறைக்குள் இறங்கிவிடும், மேலே நிற்காது என்று பிறகு தெரிந்தது. சுண்ணாம்பால் அவதிப்படுவது நான் மட்டும் இல்லை.

ஹை பீக் இந்த மூன்றில் மூத்தது. முதல் பகுதி 1830இலேயே திறந்துவிட்டது. இரண்டு கால்வாய்களை இணைக்கப் போட்ட தடம் என்பதால் அதன் ஸ்டேஷன்களுக்கே ‘வார்ஃப்’, அதாவது படகுத்துறை என்று பெயர். தண்ணீரே இல்லாத மலை உச்சியில்! மேட்டுப் பகுதிகளில் நிலையான நீராவி எஞ்சின்களை வைத்து வண்டிகளைக் கட்டி இழுத்தார்கள். மிடில்டன் டாப்பில் 1829இல் செய்த எஞ்சின் அதே கட்டடத்தில் இன்னும் நிற்கிறது. அங்கிருந்து கீழ்நோக்கிய சரிவு எட்டுக்கு ஒன்று. என் பிரேக் கட்டைகள் உயிரை விட்டது இங்கேதான். ஈரச் சுண்ணாம்பு பூசிய ரிம்மில் கட்டையை அழுத்தினால் வருகிற கர்ர்ர் சத்தம் பல் வேரில் கேட்கும். குரோம்ஃபர்ட் பக்கத்துச் சரிவில் 1888இல் கட்டறுந்த வண்டிகள் கால்வாயையும் பக்கத்து ரயில் பாதையையும் தாண்டிப் போய் விழுந்தன. அதற்குப் பிறகு, அறுந்து ஓடிவரும் வண்டிகளைத் தடுக்கத் தோண்டிய பிடிகுழியில் நொறுங்கிய வண்டி ஒன்று இன்னும் கிடக்கிறது. பிள்ளைகளோடு வந்தால் இரண்டு சரிவுகளிலும் இறங்கித் தள்ளிக்கொண்டே வாருங்கள்.

நீண்ட பயணம் போகிறவர்களுக்கு இன்னொரு கசப்பும் உண்டு. மான்சல் டிரெயில் பக்ஸ்டனுக்கு மூன்று மைல் இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. அதற்குமேல் கல்லும் முள்ளுமான ஆற்றோரப் பாதை, அதைத் தாண்டினால் லாரிகள் ஓடும் ஏ6. பைகளைக் கட்டிக்கொண்டு அந்தச் சாலையில் ஏறுவது வேண்டாத வேலை. மறுமுனையிலும் பேக்வெலைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரு வட்டமாக இணைக்கும் திட்டம் துண்டு துண்டாக நடக்கிறது. ஆக, கார் இல்லாத பாதைக்குக் காரில்தான் போக வேண்டியிருக்கிறது. டெர்பியிலிருந்து மாட்லக் ரயிலில் குரோம்ஃபர்டில் இறங்கிக் கால்வாய்க் கரையோடு போகலாம். ஆனால் எடுத்ததும் அந்த எட்டுக்கு ஒன்று ஏற்றம் காத்திருக்கும்.

சரி, நண்பருக்கான பதில். தாராளமாக வாங்க. உங்க சைக்கிளைக் கொண்டு வராதீங்க. மான்சல் டிரெயிலில் இருக்கும் ஹாஸப், பார்ஸ்லி ஹே, ஆஷ்போர்ன் மூன்று இடத்திலும் வாடகைக்குக் கிடைக்கும். சுண்ணாம்பை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். டிஸ்ஸிங்டன் என்றால் ஆஷ்போர்னில் ஆரம்பியுங்க. பார்ஸ்லி ஹே ஆஷ்போர்னைவிட 200 மீட்டர் போல உயரத்தில் இருக்கிறது, கால் புதிதாக இருக்கும்போதே ஏறிவிட்டால் திரும்பும்போது பசங்க மிதிக்கவே வேண்டாம். ஒரே நாள்தான் என்றால் மான்சல்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டா என்றால், ஆமாம், 110 பவுண்டு கொடுத்தவன் நான். அடுத்த மழைக்கால முடிவு வரை நான் தார் ரோட்டிலேயே போகிறேன், கார்காரர்கள் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். நீங்க பெரியவனுக்கும் சின்னவளுக்கும் என்ன உயரம்னு மட்டும் சொல்லுங்க, வாடகைச் சைக்கிளை இப்பவே பதிவு செஞ்சிடறேன். சனிக்கிழமைன்னா சின்ன சைஸ் முதல்லயே காலியாயிடும்.