சேவைச் சங்க உறுப்பினர் பதவி: காசு கொடுத்து வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைச் சங்கத்தில் சேர்த்தது என் சேவை மனப்பான்மையைப் பார்த்து அல்ல, என் ஆப்செட் மெஷினைப் பார்த்து. மதுரைக்குத் தெற்கே ஒரு தாலுகா ஊரில் அச்சகம் வைத்திருக்கிறேன். பதவியேற்பு விழா அழைப்பிதழ், இரத்ததான முகாம் நோட்டீஸ், விருதுச் சான்றிதழ், மெம்பர் டைரக்டரி என்று ஒரு சங்கத்துக்கு வருஷம் முழுக்க அச்சு வேலை இருக்கும். அச்சகக்காரன் உள்ளேயே இருந்தால் பில் பாதியாகும். மண்டபக்காரர், கேட்டரிங்காரர், எலும்பு டாக்டர் எல்லாரும் இந்தக் கணக்கில் வந்தவர்கள்தான்.

சங்கத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சட்டையில் குத்துவது ரோட்டரியின் சக்கரமா லயன்ஸின் சிங்கமா என்பதும் வேண்டாம். இரண்டு பக்கமும் எனக்கு நண்பர்கள் உண்டு, இரண்டு பக்கமும் பில் பாக்கி உண்டு.

ஆளைத் தொழில் பார்த்துச் சேர்ப்பது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் ரோட்டரியைத் தொடங்கியபோது கூட இருந்தவர்கள் ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்காரர். ஐந்தாவதாக வந்த ஹாரி ரகிள்ஸ் அச்சகக்காரர், நம்ம ஆள். தொழிலுக்கு ஒருவர், ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்வது, அவ்வளவுதான் ஆரம்பத் திட்டம். மறு வருஷம் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வக்கீலைக் கூப்பிட்டார்கள். உங்களுக்குள்ளேயே லாபம் பார்த்துக்கொள்கிற சங்கம் எனக்கு வேண்டாம், ஊருக்கும் ஏதாவது செய்வதாக இருந்தால் வருகிறேன் என்ற மாதிரி அவர் மறுத்துவிட்டார். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியானால் அதற்கான விதியை நீங்களே எழுதுங்கள் என்று சொல்லி உள்ளே கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம்தான் சிகாகோ நகரசபை அருகே பொதுக் கழிப்பறை வேண்டும் என்று அந்தச் சங்கம் வேலை பார்த்தது.

வர மாட்டேன் என்றவரிடம் காரணம் கேட்ட கதை இது. எங்கள் சங்கத்தில் விலகிப் போனவரிடம்கூட யாரும் காரணம் கேட்டு நான் பார்த்ததில்லை.

சேர்க்கும் விஷயத்தில் குறை சொல்ல முடியாது, ஐந்துக்கு ஐந்து. தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் கடைக்கு வந்தார்கள்; பெண் கேட்க வந்தவர்கள் மாதிரி இருந்தது, தாம்பூலத் தட்டுதான் இல்லை. “அண்ணாச்சி, ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. கூட்டத்துக்கு வந்தே ஆகணும்னு இல்லை.” ஆறு மாதம் கழித்து அதே வாய், “அண்ணாச்சி, கூட்டத்துக்கே வர மாட்டேங்கறீங்களே” என்றது.

அவர்கள் என்னைச் சேர்க்க வந்தது ஜூன் மாதம். அது ஏன் ஜூன் என்று பின்னால்தான் விளங்கியது. ரோட்டரி, லயன்ஸ் இரண்டுக்குமே ஆண்டு ஜூலை 1-ல் பிறந்து ஜூன் 30-ல் முடிகிறது. தலைவர் பதவி ஒரு வருஷம்தான். இத்தனை பேரைச் சேர்த்தேன் என்று மாவட்ட ஆளுநரிடம் (பல சங்கங்களுக்கு மேலே இருக்கும் சங்கப் பொறுப்பாளர்) சொல்ல அவருக்கு ஜூன் கடைசி வரைதான் அவகாசம். அவசர அவசரமாகச் சேர்த்துவிட்டு ஜூலையில் அவர் முன்னாள் தலைவராகிவிடுவார். புதுத் தலைவருக்கு நாம் யாரென்றே தெரியாது. அவருக்கு அவருடைய பட்டியல். ஜூனில் சேர்ந்தவன் ஜூலையில் அநாதை.

சந்தா சங்கத்துக்குச் சங்கம் மாறும். அதில் ஒரு பங்கு டாலரில் வெளியே போகிறது என்பதைச் சேர்க்கும்போது சொல்ல மாட்டார்கள். ரோட்டரியில் 2025-26க்கு ஒருவருக்குச் சர்வதேசச் சந்தா மட்டும் 82 டாலர், ஏறக்குறைய ஏழாயிரம் ரூபாய். மாவட்டத்துக்கும் சங்கத்துக்கும் தனி. சாப்பாடு, சால்வை, “இந்த ஒரு பேனர் மட்டும் நீங்க பார்த்துக்குங்க” வகைச் செலவுகள் எந்த ரசீதிலும் வராது. சலுகையும் இருக்கிறது, அதையும் சொல்ல மாட்டார்கள். லயன்ஸில் குடும்பமாகச் சேர்ந்தால் இரண்டாவது ஆளிலிருந்து சர்வதேசச் சந்தா பாதிதான்.

கூட்டம் ஏழு மணி என்று நானே அச்சடிப்பேன், எட்டேகாலுக்குத் தொடங்கும். வந்தவருக்குச் சால்வை, வராதவருக்கு நன்றி, அப்புறம் பரோட்டா. 2016-லேயே ரோட்டரி தன் சங்கங்களுக்கு, வாராவாரம் கூட வேண்டியதில்லை, மாதம் இரண்டு முறை போதும், எப்படிக் கூடுவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று விதியைத் தளர்த்திவிட்டது. எங்கள் பக்கத்துச் சங்கங்கள் கூட்டத்தைத்தான் குறைத்தன, சால்வையைக் குறைக்கவில்லை.

டைரக்டரி வேலை என் கையில் இருப்பதால் ஒன்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஜூலையிலும் போன வருஷக் கோப்பைத் திறந்து பெயர்களை மாற்றுவேன். முன்பக்கம் முன்னாள் தலைவர்கள், அசைய மாட்டார்கள். அழிப்பதெல்லாம் கடைசிப் பக்கங்களில், போன வருஷம் சேர்த்த அதே பெயர்களை. ஒரு பல் டாக்டரம்மா இருந்தார். பள்ளிக்கூடங்களில் பல் பரிசோதனை செய்யலாம், நானே வருகிறேன், செலவு இல்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குக் கிடைத்ததோ ஒவ்வொரு விழாவிலும் வாசலில் சந்தனக் கிண்ணம், அல்லது தொகுப்புரை. முகாம் வேலையை அடுத்த தலைவர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். அவர் எத்தனை தலைவர்களுக்குத்தான் காத்திருப்பார்? செல்போன் கடைத் தம்பி ஒருவனுக்கு நாற்காலி எண்ணும் வேலை. அவனும் போய்விட்டான். லயன்ஸ் 1987-லேயே, ரோட்டரி 1989-லேயே உலகம் முழுக்கப் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன. எங்கள் ஊரில் கதவு திறந்திருக்கிறது, உள்ளே நாற்காலி போடவில்லை.

அப்படியானால் நான் ஏன் இன்னும் இருக்கிறேன்? கண் முகாமால். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பின் 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. முகாம்களில் டாக்டர், கருவி, அறுவைச் சிகிச்சை, சாப்பாடு, பஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நோயாளிக்குச் செலவில்லை. இடம், நோட்டீஸ், மைக் ஆட்டோ, ஆட்கள் சங்கத்தின் பொறுப்பு. சின்ன ஊர்ச் சங்கத்தால் தாங்கக்கூடிய வேலை, பலன் கண்ணெதிரே தெரிகிற வேலை.

முதல் முகாமில் நானும் சும்மாதான் நின்றேன். தபால் ஆபீசில் ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு பேப்பர் கட்டை என் கையில் திணித்தார். “தம்பி, ஆபரேஷன் ஆனவங்க லிஸ்ட். ஒரு மாசத்துல மறுபரிசோதனை. ஒவ்வொருத்தரையும் வரவைக்க வேண்டியது நீங்க. வேற யாரும் பார்க்க மாட்டாங்க.” பாதிப் பேருக்குப் பக்கத்து வீட்டு நம்பர். ஒரு பாட்டிக்கு நம்பரே இல்லை, பால் சொசைட்டியில் சொல்லிவிட்டால் வந்துவிடும். கறுப்புக் கண்ணாடியோடு பஸ் இறங்கி வந்து, “போன்ல பேசுன அச்சாபீஸ் தம்பி நீதானா” என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டது. அந்த லிஸ்ட் இன்றும் என் பொறுப்பு. எந்தத் தலைவர் வந்தாலும் அதைக் கேட்டு வாங்கியதில்லை. இப்போது இருக்கிற புதியவர்களில் நிலைத்தவர்களைப் பார்த்தால், முகாமில் தனக்கென்று ஒரு வேலை கிடைத்தவர்களாகவே இருக்கிறார்கள்.

தக்கவைப்பதற்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், அதுவும் அந்தத் தபால்காரருக்காக.

சேர நினைப்பவர்கள் விழாவுக்குப் போகாதீர்கள், முகாமுக்குப் போய் ஒரு நாள் நின்று பாருங்கள். மொத்தச் செலவை எழுத்தில் கேளுங்கள். எனக்கு என்ன வேலை தருவீர்கள் என்று கேளுங்கள். “முதல்ல சேருங்க, பார்த்துக்கலாம்” என்றால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம். ஜூனில் கூப்பிட்டால் ஆகஸ்டில் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஆகஸ்டிலும் தேடி வந்தால் தாராளமாகச் சேரலாம்.