ஏழு ஆண்டுகள், ஒரே நூல்: துதியின் அனுதின தியானங்களோடு என் அனுபவம்

2017 டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, புத்தாண்டின் வாக்குத்தத்த அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, ஆலய வாசலில் மேசை போட்டு விற்றுக்கொண்டிருந்த புத்தகங்களில் ஒன்றை 120 ரூபாய் கொடுத்து வாங்கினேன். துதியையும் ஆராதனையையும் மட்டுமே பொருளாகக் கொண்ட அனுதின தியான நூல் அது. நாளுக்கு ஒரு பக்கம். மேலே ஒரு வசனம், நடுவில் தியானம், அடியில் இரண்டு வரி ஜெபம். ஆண்டைக் குறிப்பிடாமல் மாதமும் தேதியும் மட்டுமே அச்சிட்டிருந்தபடியால், 2018 முதல் 2024 வரை ஏழு முறை அதை முழுவதும் வாசித்து முடித்து, இப்போது எட்டாவது முறையாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நூலின் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன். என் கைக்கு வந்த இத்தகைய தமிழ் நூல்களில் பலவும் இதே அமைப்பில் இருப்பதால், நான் சொல்லப்போகும் நிறைகுறைகள் ஏறக்குறைய அவற்றுக்கும் பொருந்தும்.

என் பெற்றோர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக மலையேறி வந்தவர்கள். நான் கோத்தகிரியில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை உண்டு. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிற இந்த ஊரில், மார்கழி, தை மாதங்களின் அதிகாலையில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் விறைத்துப்போகும். ஐந்தரை மணிக்கு அடுப்பில் கட்டஞ்சாயா கொதிக்கும்போது பக்கத்தை விரித்துவைத்து, கணவருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசிப்பேன். வாசிப்புக்கு ஐந்து நிமிடம், மௌனத்துக்கு ஐந்து நிமிடம், ஜெபத்துக்கு ஐந்து நிமிடம். நாளுக்கு ஒரு வசனம் என்னும் இவ்வழக்கம் பழமையானது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொரேவியச் சபையார் 1728இல் அன்றன்றைக்கு ஒரு வசனத்தை வீடுவீடாகச் சொல்லி அனுப்பத் தொடங்கி, 1731 முதல் அதை ஆண்டுதோறும் நூலாகவே அச்சிட்டார்கள். அவர்கள் செய்ததை இத்தனை தூரத்தில், இந்தக் குளிரில், ஓர் அடுப்பங்கரையில் இருந்து நாங்களும் செய்கிறோம் என்ற நினைவு எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது.

நூல் எனக்கு என்ன செய்தது என்பதற்குச் சாட்சியாக ஏழு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. வாசித்து முடித்ததும் அன்றைய ஸ்தோத்திரம் என்று ஒரே ஒரு வரி எழுதவேண்டும் என்பது முன்னுரையிலேயே கொடுத்திருந்த பயிற்சி. 2018 ஜனவரி, பிப்ரவரிப் பக்கங்களைப் புரட்டினால், 'சுகத்துக்காக ஸ்தோத்திரம்', 'பெலனுக்காக ஸ்தோத்திரம்', 'காத்துவருகிற கிருபைக்காக ஸ்தோத்திரம்' என்று சபையில் ஜெபிக்கிறவர்கள் வாயிலிருந்து வருகிற அதே சொற்கள் மாறிமாறி வருகின்றன. நாற்பது நாள் எழுதியதும் எனக்கே எழுத ஒன்றுமில்லாமல் போயிற்று. அதன்பிறகுதான் கண் வேலை செய்யத் தொடங்கியது. 2019இல் ஒரு வரி: 'கவாத்து செய்த செடியில் இன்று முதல் துளிர், மேற்கு வரிசையில், மூன்றாவது செடி.' 2021இல் இன்னொன்று: 'கண் அறுவைக்குப் பிறகு அவர் இன்று தானே ஊசியில் நூல் கோத்தார்.' ஐந்தாம் ஆண்டு நோட்டில் 'சுகம்' என்ற பொதுச்சொல் எங்குமே இல்லை. வேதாகமத்தின் 103ஆம் சங்கீதத்தில் "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று தாவீது தன் ஆத்துமாவுக்கே கட்டளையிடுகிறார். மறவாதிருக்கவேண்டுமானால் முதலில் கவனித்திருக்கவேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த ஒற்றை வரிப் பயிற்சிதான். நூலின் தியானங்களைவிட இதற்கே நான் அதிகக் கடன்பட்டிருக்கிறேன்.

தியானங்களில் தரமானவை சொற்களை விளக்குகிற பக்கங்கள். எங்களுக்குள் சந்திக்கும்போதும், தொலைபேசியை எடுக்கும்போதும், விடைபெறும்போதும் 'ஸ்தோத்திரம்' என்கிறோம். பழகிப்போன அந்தச் சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் அறுபது வயது வரை கேட்டதில்லை. "கர்த்தரை நான் எக்காலத்திலும் ஸ்தோத்திரிப்பேன், அவர் துதி எப்போதும் என் வாயிலிருக்கும்" என்னும் 34ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் எபிரெய மொழியில் இரண்டு வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன என்பதையும், 'ஸ்தோத்திரிப்பேன்' என்று நாம் வாசிக்கிற இடத்தில் உள்ள பாராக் என்னும் வினைச்சொல், முழங்காலைக் குறிக்கும் சொல்லோடு அதே மெய்யெழுத்துகளைப் பகிர்ந்துகொள்கிறது என்பதையும், 'துதி' என்று வாசிக்கிற இடத்தில் உள்ள தெஹில்லா, நாம் பாடுகிற அல்லேலூயாவின் அதே வேரிலிருந்து வருகிறது என்பதையும் மார்ச் மாதப் பக்கங்கள் பொறுமையாகச் சொல்கின்றன. முழு சங்கீதப் புத்தகத்துக்கும் எபிரெயப் பெயர் தெஹில்லீம், அதாவது துதிகள். ஏழாவது முறை வாசிக்கும்போதும் அந்தப் பக்கங்கள் எனக்குச் சலிக்கவில்லை.

இனி, இந்த நூலால் என் வீட்டில் உண்மையாகவே மாறிய ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்க வருகிற பெண்களில் மூத்தவர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தவர்; 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு நீலகிரிக்கு வந்தவர்களின் பிள்ளை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மாலையில் தராசில் சாக்கைத் தொங்கவிட்டு எடை பார்க்கும்போது, சாக்குக்கும் ஈரத்துக்குமாக இரண்டு கிலோ கழித்து எழுதுவது எங்கள் பழக்கம். கொழுந்து வண்டிக்காரர் எங்களிடம் கழிக்கிறார், ஆகவே நாங்களும் கழிக்கிறோம் என்பதற்கு மேல் நான் அதைப்பற்றி யோசித்ததில்லை. 2019 ஜூன் மாதத்தில் ஒருநாள், எபிரெயர் 13ஆம் அதிகாரத்தின் 15ஆம் வசனம் தியானமாக வந்தது: உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலி. பலமுறை பிரசங்கத்தில் கேட்ட வசனம். ஆனால் நூலாசிரியர் அங்கே நிறுத்தாமல் அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லியிருந்தார்: "அன்றியும் நன்மைசெய்யவும், தானதர்மம்பண்ணவும் மறவாதிருங்கள், இப்படிப்பட்ட பலிகளின்மேல் தேவன் பிரியமாயிருக்கிறார்." அதன் கீழே ஆமோஸ் 5ஆம் அதிகாரத்திலிருந்து "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்ற வரி.

அன்று மாலை வெயிலடித்தது. கொழுந்தில் ஈரமே இல்லை. வழக்கம்போல இரண்டு கிலோவைக் கழித்து எழுதினேன். அந்த அம்மாள் முறையிடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்: "டீச்சரம்மா, இன்னைக்கு இலை காஞ்சு கெடக்குதுங்க. வெறும் சாக்கு ரெண்டு கிலோ வராதுங்களே." சாக்கை உதறி வெறுமையாகத் தராசில் மாட்டச் சொன்னேன். முள் ஒரு கிலோவைக்கூட எட்டவில்லை. காலையில் ஸ்தோத்திரபலி செலுத்திய அதே வாயால் மாலையில் 'இருபத்திரண்டு' என்று சொல்லி இருபது எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன், எத்தனை ஆண்டுகளாக என்று கணக்கிடவும் மனம் வரவில்லை. அன்றிலிருந்து சாக்கை அதன் எடைக்கு மட்டுமே கழிக்கிறோம். மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு என்பதைப் பறித்தவர்களோடு பேசி முடிவு செய்கிறோம். வண்டிக்காரர் எங்களிடம் கழிப்பது எங்கள் நட்டம். கணவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, "ஊரோட ஒத்துப் போகணும்" என்றார். அந்தப் பக்கத்தை அவருக்கு மறுபடியும் வாசித்துக் காட்டினேன்.

வேறு வடிவங்களையும் முயன்று பார்த்திருக்கிறேன். ஆயிரம் ஸ்தோத்திரங்களை வரிசையாக அச்சிட்ட சிறு புத்தகத்தை 2022 தவக்காலத்தில் நாள் தவறாமல் சொன்னேன். நெஞ்சு வறண்டு வார்த்தை எழும்பாத நாட்களில் அது கைகொடுக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிற காரியமாதலால், முந்நூறைத் தாண்டியதும் நாக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. கைப்பேசியில் வருகிற ஒலித் தியானங்கள், கண் அறுவை முடிந்து கணவர் வாசிக்கக்கூடாதிருந்த வாரங்களில் உதவின. மற்றபடி, எங்கள் பள்ளத்தில் மூடுபனி நாட்களில் சிக்னல் நிற்பதில்லை. நின்றாலும், ஜெபத்தின் நடுவே பத்துச் செய்திகள் வந்து விழுகின்றன. பக்கத்தில் பென்சிலால் கோடு போட முடிகிற அச்சுப் புத்தகமே எனக்கு ஏற்றது. அட்டை மட்டும் மூன்றாம் ஆண்டிலேயே பிய்ந்துவிட்டது. பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். நாள்தோறும் விரிக்கிற நூலுக்கு நூல்தையல் போடவேண்டும் என்பதைப் பதிப்பாளர்கள் கவனிக்கவேண்டும். பிப்ரவரி 29க்குப் பக்கமே இல்லை; 2020இலும் 2024இலும் அந்த நாளில் 150ஆம் சங்கீதத்தை வாசித்தோம்.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. ஆலயம் பூட்டியிருந்தது. ஏப்ரல் 12 உயிர்த்தெழுந்த ஞாயிறு. நினைவு தெரிந்த நாள் முதல் அந்த அதிகாலை ஆராதனையை நான் தவறவிட்டதில்லை. அன்றைக்கு எங்கள் முன்னறையில் இரண்டே பேர் நின்று, அந்த நாளின் பக்கத்தை வாசித்து, எங்களுக்கு மனப்பாடமான ஞானப்பாட்டைப் பாடினோம். கணவருக்குச் சுருதி நிற்காது. பாதிப் பாட்டில், மேல்வீட்டிலிருந்து யாரோ அதே பாட்டை எங்களோடு சேர்ந்து பாடுவது கேட்டது. ஆலயத்தில் 40 ஆண்டுகளாக எங்கள் பின்வரிசையில் அமர்கிறவர். அவர் குரல் எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

குறைகளில் பெரியது, துதியைக் கூலி வாங்கும் வழியாக்குகிற தியானங்கள். துதித்தால் கதவு திறக்கும், துதித்தால் கட்டு அறும், துதித்தால் தடை நீங்கும் என்று வருகிற பக்கங்கள் நாற்பதுக்குக் குறையாது. அவற்றுக்கெல்லாம் ஆதாரமாக அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரமே வருகிறது. பிலிப்பி பட்டணத்துச் சிறையில், நடுராத்திரியில், பவுலும் சீலாவும் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. உண்மைதான். ஆனால் அதற்கு அடுத்து நடந்ததை எந்தப் பக்கமும் சொல்வதில்லை. திறந்த கதவு வழியாக அவர்கள் வெளியேறவில்லை. தன்னைக் கொலைசெய்துகொள்ளப் பட்டயத்தை உருவிய சிறைச்சாலைக்காரனைப் பார்த்து, "நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்" என்கிறார் பவுல். பாடியவர்கள் உள்ளேயே இருந்ததால் ஒருவன் உயிர் பிழைத்தான். தங்கள் விடுதலைக்காகவே பாடியிருந்தால் அவர்கள் அங்கே இருந்திருப்பார்களா என்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொரு குறை, எனக்கு மட்டுமே உரியதாகத் தோன்றலாம், ஆயினும் சொல்கிறேன். கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மலை மறைத்துவிடுவதால், எங்களுக்கு மழை என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வருவது. 2009 நவம்பர் 8 முதல் 10 வரை பெய்த மழையில் மாவட்டமெங்கும் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இறந்தவர்களில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியும் உண்டு. வருகைப் பதிவேட்டில் அவளுடைய பெயரைத் தாண்டி அடுத்த பெயரைக் கூப்பிடப் பழகுவதற்கு எனக்கு அந்த ஆண்டு முழுவதும் ஆயிற்று. நூலின் நவம்பர் 10ஆம் தேதிப் பக்கம், ஆசீர்வாதமான மழைக்காகத் துதிக்கச் சொல்கிறது. நூலாசிரியர் தவறு எதுவும் செய்யவில்லை, அவருக்கு அந்த நாள் வெறும் ஒரு தேதி. ஆனால் 365 பக்கங்களில் புலம்பலின் சங்கீதம் ஒன்றுகூட முழுமையாக இடம்பெறவில்லை என்பது தற்செயலான விடுபடல் அன்று. துதிகள் என்று பெயர் பெற்ற அந்த எபிரெயப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடும் அழுகையுமாக இருக்கிறது. அவற்றையும் துதிகள் என்ற பெயருக்குள்ளேதான் வைத்தார்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதல் சொல்லாமலே, "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிந்துவிடுகிறது. தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்பதே. மண் சரிந்ததற்காக ஸ்தோத்திரம் சொல் என்று நான் அதை வாசிக்கவில்லை. மண் சரிந்த இடத்தில் நின்றுகொண்டும் அவரோடு பேசுவதை நிறுத்தாதே என்றுதான் வாசிக்கிறேன்.

முதல் மூன்று ஆண்டுகள் அந்தத் தேதியில் நூலைத் திறக்காமலே விட்டேன். 2021இல், 88ஆம் சங்கீதத்தின் 18 வசனங்களையும் கோடு போட்ட தாளில் கையால் எழுதி, நவம்பர் 10ஆம் பக்கத்தின்மேல் ஓரங்களில் மட்டும் பசை தடவி ஒட்டினேன். ஆண்டுதோறும் அந்தக் காலையில் அதையே சத்தமாக வாசிக்கிறேன்; கணவர் எதிரே உட்கார்ந்து கேட்பார். அன்றைய வரிக்கு நோட்டில் அவளுடைய பெயரை மட்டும் எழுதுகிறேன்.