பரிசாக எது: கான் ரயிலா, உலுருவா?

ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனப் பயணத்தைப் பரிசளிக்க நினைப்பவர்கள் இந்த இரண்டில்தான் குழம்புகிறார்கள்: கான் என்பது நாட்டைத் தெற்கு வடக்காகக் கடக்கும் சொகுசு ரயில், உலுரு பாலைவன நடுவே நிற்கும் மாபெரும் பாறை. ஒன்றிலேயே இரண்டும் கிடைக்காது: ரயில் நிற்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து உலுரு சாலையில் சுமார் 450 கிலோமீட்டர்.

செலவு: ரயிலுக்கு அதிகம், ஆனால் சாப்பாடும் வழியில் சுற்றிப் பார்ப்பதும் டிக்கெட்டிலேயே அடக்கம். உலுருவில் விமானம், அறை, பூங்கா நுழைவு எல்லாம் தனித்தனி.

சிரமம்: ரயிலில் தெற்கே அடிலெய்டிலிருந்து வடக்கே டார்வின் வரை 2,979 கிலோமீட்டர் பயணத்தில் ஜன்னலோரம் சாய்ந்தபடி செம்மண் பார்க்கலாம். உலுருவில் விடியுமுன் எழ வேண்டும். பாறையில் ஏற 2019 முதல் தடை, அது அனாங்கு என்னும் பூர்வகுடி மக்களின் புனித இடம். அடிவாரத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் நடக்கலாம். வெயில் ஏற ஏற பாறை நிறம் மாறுவதை எந்த ரயில் ஜன்னலும் காட்டாது.

முட்டிவலி உள்ள அப்பா அம்மாவுக்கு ரயில். நடக்கத் தெம்புள்ள புதுமணத் தம்பதிக்கு உலுரு. எதுவானாலும் மே முதல் செப்டம்பருக்குள் போகச் சொல்லுங்கள். கோடை வெயில் தாங்காது.